தியலும கண்டோம்

ஊர் சுற்றிப் பார்ப்பது பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு என்றோர் எண்ணம் எம்மவரிடையே ஆழ வேரூன்றியிருக்கின்றது. கோயிற் பிரயாணம், கலியாண வீடு, மரண வீடு, வைத்தியசாலை, கொழும்பிலே ஒரு கந்தோர் அலுவல் ஆகிய இவையே ஒரு நடுத்தரக் குடும்பம் நெடுந்தூரம் பஸ் ஏறுவதற்குத் தகுந்த காரணங்களாகக் கருதப்படுகின்றன. ஓர் அருவியைப் பார்ப்பதற்கென்றே புறப்படுகிறோம் என்று சொன்னால், அயலவர் எம்மை ஏற இறங்கப் பார்ப்பர். "எங்கட வாய்க்காலில ஓடாத தண்ணியோ அங்க ஓடுது?" என்று கேட்பாரும் உளர்.

கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. கல்முனைக் கரையோர மக்கள் தண்ணீரை அறியாதவர்கள் அல்லர். கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல் வட்டைகள். 1949ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற கல்லோயாத் திட்டத்தின் பயனாக, இங்கினியாகலை அணையிலிருந்து வரும் நீர் வாய்க்கால் வழியே முறைவைத்து எமது வட்டைகளுக்குப் பாய்கின்றது. ஆயினும், நாம் நாள்தோறும் காணும் இந்நீர் சமதரையில் நகரும் நீர். மதகிலே அளந்து விடப்படும் நீர். மலையிலிருந்து தன் போக்கில் பாய்ந்து விழும் நீரை எம் மாணவரிற் பலர் பாடப்புத்தகப் படத்திலன்றி வேறெங்கும் கண்டிலர். அருவியை நேரிற் பார்த்தவர் யார் என்று ஒருநாள் வகுப்பிலே கேட்டோம். நாற்பது பேரில் மூவரே கையுயர்த்தினர்.

இத்தனைக்கும் அருவிக்குச் செல்லும் வீதி எமது வாசலிலேயே கிடக்கின்றது. இலங்கையின் ஏ தரப் பெருவீதிகளுள் மிக நீளமானது கொழும்பு – மட்டக்களப்பு வீதி. ஏ-4 என்பது அதன் இலக்கம். நீளம் ஏறக்குறைய 430 கிலோமீற்றர். இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகலை, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில், அக்கரைப்பற்று என்று நாட்டைச் சுற்றி வளைத்து வந்து, கல்முனைக் கடைத்தெருவை ஊடறுத்து, மட்டக்களப்பை அடைகிறது அது. நாம் மரக்கறி வாங்கப் போகும் அதே வீதியில் சுமார் 200 கிலோமீற்றர் சென்றால், வெல்லவாயவுக்கும் கொஸ்லந்தைக்கும் நடுவே, வீதியோரத்திலேயே நிற்கிறது தியலும நீர்வீழ்ச்சி. இலங்கை நீர்வீழ்ச்சிகளுள் உயரத்தில் இரண்டாவது இடம் அதற்குரியது. பஸ்ஸின் சாளரத்தினூடாகவே அதைப் பார்த்துவிடலாம். ஒரே வீதியின் இரு புள்ளிகள். எனினும், நாற்பது வயது கடந்த நாமும் அதுவரை அதனைக் கண்டதில்லை.

சென்ற ஏப்ரல் விடுமுறையில் அதைப் பார்த்தே தீர்வது என்று தீர்மானித்தோம். முதலில் வான் ஒன்றுக்கு விலை கேட்டோம். கேட்ட தொகை எமது மாதச் சம்பளத்தில் முக்காற் பங்கை விழுங்கிவிடும் போலிருந்தது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே எண்ணெய்க்கு வரிசையில் நின்ற நாட்களும், அதன் பின் ஏறிய விலைகள் பழைய நிலைக்கு இறங்காததும் வாசகர்கள் அறிந்ததே. எனவே, சாதாரண பஸ்ஸிலேயே போவது என்று முடிவாயிற்று. புத்தாண்டு நெரிசல் தணியட்டும் என்று ஒரு வாரம் பொறுத்துப் புறப்பட்டோம்.

நாமும் எம் துணைவியாரும், மகளும் மகனுமாக நால்வர் என்பதே முதற்கணக்கு. அடுத்த வீட்டுக் காக்காவின் பேரன், எம் மகனின் விளையாட்டுத் தோழன், தானும் வருவதாக அடம்பிடித்தான். காக்கா தபாற் கந்தோரிலே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதலில், "இவனை மட்டும் கூட்டிக்கொண்டு போங்க மாஸ்டர்" என்றார். புறப்படுவதற்கு முதல்நாள் மாலை வேலியோரம் வந்து நின்று, "நானும் வாறன் மாஸ்டர். இவனைத் தனிய விட மனம் கேக்குதில்ல" என்றார்.

அவர் அப்படிச் சொன்னது எமக்கு வியப்பாக இருந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கி வந்த காலையில், காக்கா தம் மனைவியையும் இளைய மகளையும் பறிகொடுத்தவர். அன்று இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் எமது அம்பாறை மாவட்டமே. அதன் பின்னர், கடற்கரையை விட்டு எமது ஒழுங்கைக்குக் குடிவந்த காக்கா, கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் அதன் பக்கம் போனதில்லை. கிணற்றடியிலே நின்று குளிக்கும்போதும் வாளியைப் பாதிக்கு மேல் நிரப்பமாட்டார் என்று அவர் மகள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

விடியுமுன் கல்முனையிலே பஸ் ஏறினோம். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில் என்று கரையோர ஊர்கள் ஒன்றையடுத்து ஒன்றாக வந்தன. ஓர் ஊரில் சுபஹுத் தொழுகை முடித்துப் பள்ளிவாசலிலிருந்து வருவோர். அடுத்த ஊரில் கோயில் மணியோசை. காரைதீவைக் கடந்தபோது, 1892இல் விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர் இதுவென்று பிள்ளைகளுக்குச் சொன்னோம். எல்லைகளைப் பற்றிப் பேசிப் பேசியே களைத்துப்போன எமது பிரதேசத்தில், பஸ் மட்டும் எந்த எல்லையையும் கவனியாமல் ஓடுவதைக் கண்டோம்.

அக்கரைப்பற்றில் ஒரு பஸ், பொத்துவிலில் ஒரு பஸ் என்று மாறி ஏறினோம். பொத்துவிலிலே வீதி கடலுக்கு முதுகு காட்டி மேற்கே திரும்புகிறது. சிறிது தூரத்தில் லாகுகலைக் குளம். அங்கே மேயவரும் யானைக் கூட்டங்கள் பேர்போனவை. அன்று எமக்குக் காட்சி தந்தது ஒற்றை யானைதான். பையன்கள் இருவரும் சாளரத்துக்கு வெளியே பாதி உடலை நீட்ட, நடத்துநர் சிங்களத்திலே அதட்டிவிட்டு, அவர்களுக்காகவே சாரதியிடம் சொல்லி வண்டியை ஒரு நிமிடம் மெதுவாக ஓட்டச் செய்தார்.

அதற்கப்பால் காடு. "அப்பா, நீங்களும் காக்காவும் ஏன் பேசாமல் வாறீங்க?" என்று மகள் கேட்டாள். அப்பொழுதுதான் நாம் மௌனமாயிருந்தது எமக்கே தெரிந்தது. எமது வயதினர் நெடுஞ்சாலைகளை அறிந்த விதம் வேறு. 2009 மே மாதத்திலே உள்நாட்டுப் போர் முடியும்வரை, பிரயாணம் என்பது சோதனைச் சாவடியில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையைக் கையிலே பிடித்தபடி நடந்து, மறுபக்கத்தில் மீண்டும் ஏறுவதாகவே இருந்தது. காடு தொடங்கும் இடத்தில் பேச்சு தானாக நின்றுவிடும். அந்தப் பழக்கம் எம்மிருவர் உடம்பிலும் இன்னும் இருந்தது. மகளுக்கோ அது வெறுங் காடு. பசுமையான, யானை உள்ள காடு. அவளுக்கு அப்படித் தோன்றியது குறித்து மகிழ்ந்தோம். காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லியும் வைத்தோம். தெரியாமலே இருந்துவிடுவதும் நன்றன்று.

சியம்பலாண்டுவவிலே ஏறிய ஒரு சிங்கள மூதாட்டி, நின்றுகொண்டு வந்த எம் மகனைத் தம் பக்கத்தில் ஒடுங்கி இருத்திக்கொண்டார். மடியிலிருந்த பையிலிருந்து வெரளிக்காய் எடுத்துக் கொடுத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அவனுக்குத் தெரிந்த சிங்களமோ பாடப்புத்தகத்தின் முதற் பத்துப் பக்கங்கள். மொனராகலை வரும்வரை இருவரும் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தனர். மொனராகலை என்றால் மயிற்பாறை என்பதை அவனே எமக்கு வந்து விளக்கினான். வான் பிடித்துச் சென்றிருந்தால் இந்தப் பாடம் கிடைத்திராது. வானுக்குள் எம் ஊரே எம்மோடு வரும். பஸ்ஸிலோ ஒவ்வொரு தரிப்பிலும் வேறோர் ஊர் ஏறி இறங்குகிறது.

மதிய உணவை மொனராகலை பஸ் நிலையத்திலே முடித்தோம். எம் துணைவியார் வாழையிலையிற் கட்டிய புளிச்சோறும், காக்கா வீட்டு ரொட்டியும் சீனிச் சம்பலும். நாம் மரக்கறி உணவினர் என்பதை நினைவில் வைத்து, மாசி சேர்க்காமலே அச்சம்பலைச் செய்திருந்தார் அவர் மகள். பிற்பகலில் வெல்லவாயவை அடைந்து, சிறியதொரு விடுதியில் இரண்டு அறைகள் எடுத்துத் தங்கினோம். ஏப்ரல் மாதத்தில் அப்பகுதியிலே பிற்பகலில் இடிமழை பெய்வதுண்டு. அன்றும் பெய்தது. ஆதலால், அருவியைக் காலையிலே பார்ப்பதே உத்தமம்.

மறுநாட் காலை, கொஸ்லந்தைப் பக்கம் செல்லும் பஸ்ஸில் ஏறினோம். வெல்லவாயவிலிருந்து 13 கிலோமீற்றர். மலைச்சுவர் நெருங்கி நெருங்கி வந்தது. ஒரு திருப்பத்தில் பஸ்ஸினுள் இருந்தவர் அனைவரும் ஒருபுறமாகத் தலை சாய்த்தனர். நாள்தோறும் அவ்வழியே செல்வோரும் சாய்த்ததைக் கவனித்தோம். அங்கே, கரிய பாறையின் உச்சியிலிருந்து வெண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

அதன் உயரம் 220 மீற்றர். பழைய கணக்கில் ஏறத்தாழ 720 அடி. எமது தோட்டங்களில் நன்கு வளர்ந்த தென்னைகள் பத்தை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் அவ்வுச்சியை எட்டுவது ஐயமே. உயர்தர வகுப்பு மாணவர் இங்கே ஒரு கணக்குச் செய்து பார்க்கலாம். காற்றின் தடை இல்லையெனக் கொண்டால், உச்சியிலிருந்து விடப்பட்ட பொருள் ஏழு செக்கன்களுக்குச் சற்றுக் குறைந்த நேரத்தில் அடியை அடையும். அப்போது அதன் வேகம் செக்கனுக்கு 65 மீற்றருக்கு மேல் இருக்கும். ஆனால் நீர் அவ்வாறு விழுவதில்லை. பாறை முகத்தில் மோதித் துளிகளாய்ச் சிதறுகிறது. துளிகளைக் காற்றுத் தாங்குகிறது. எம் மகள் ஒரு நீர்த்திரளைக் கண்ணாற் பின்தொடர்ந்து எண்ணினாள். ஏழைத் தாண்டி வெகுதூரம் எண்ண வேண்டியதாயிற்று. அருவி மெதுவாக இறங்குவது போலத் தோன்றுவதன் இரகசியம் இதுவே.

இவ்விடத்தில் அருவி தோன்றியதற்கும் காரணம் உண்டு. மத்திய மலைநாட்டின் தென்புறம் ஒரு பெருஞ்சுவர் போலச் செங்குத்தாகச் சமவெளிக்கு இறங்குகிறது. வீதி வளைந்து வளைந்து இறங்கும் அச்சுவரைப் பூனாகலை ஓயா என்னும் சிற்றாறு ஓரிடத்தில் ஒரே பாய்ச்சலில் இறங்கிவிடுகிறது. பின்னர் அது குடா ஓயாவிலே சேர்ந்து, அதனோடு கிரிந்தி ஓயாவிலே கலந்து, தென்கடலை அடைகிறது. எமது வட்டைகளுக்கு நீர் தரும் கல்லோயாவும், எம்முன்னோர் பட்டிப்பளை ஆறு என்றழைத்த அதே ஆறும், ஊவா மலைகளிலேதான் பிறக்கிறது. வாய்க்கால் தண்ணீரைப் பற்றிக் கேட்ட அயலவருக்குச் சொல்ல ஒரு விடை கிடைத்தது: இரண்டும் ஒரே மலைநாட்டுப் பிள்ளைகள்தாம்.

'தியலும' என்னும் பெயருக்கு ஒரு நாட்டார் கதை உண்டு. அதனை அறிஞர் ஆர். எல். புரோகியர் பதிவுசெய்திருக்கிறார். மலைநாட்டுக்கு நாடுகடத்தப்பட்ட ஒரு தலைவன், கணவாய்கள் யாவும் காவலில் இருந்தமையால், தன் காதலியை மேலே ஏற்றக் கொடிகளை முறுக்கிக் கயிறாக்கிக் கீழே விட்டான். இழுக்கும்போது அவள் பாறையிலே மோதுண்டு இறந்தாள். இரங்கிய தெய்வங்கள் அக்கோரத்தை மறைப்பதற்காக மலையிலிருந்து நீரைப் பாயச் செய்தனவாம். நீரின் ஒளி என்ற பொருளில் அப்பெயர் வந்தது என்பர். காக்கா இக்கதையைக் கேட்டுவிட்டு, "அப்ப இதுவும் ஒரு மையத்தை மூடின தண்ணிதான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நாமும் பிள்ளைகளும் கற்பாறைகளின் வழியே அடிக்குச் சென்றோம். காக்கா பாலத்தருகே ஒரு மரநிழலில் இருந்துவிட்டார். அருகே செல்லச் செல்ல ஓசை மற்றெல்லா ஓசைகளையும் விழுங்கியது. சாரல் முகத்தை நனைத்தது. பையன்கள் கூச்சலிட்டனர், அவர்கள் வாய் அசைந்ததே தவிரக் குரல் எமக்குக் கேட்கவில்லை. ஒரு மணித்தியாலம் போயிருக்கும். பேரன் மட்டும் எழுந்து சென்று, பாட்டனாரின் கையைப் பிடித்து, ஒவ்வொரு கல்லாகக் கால் வைக்கச் செய்து அழைத்து வந்தான். ஓடையின் ஓரத்தை அடைந்ததும் அவர் நின்றார். நீரையும், அது விழுந்துகொண்டிருந்த உயரத்தையும் நெடுநேரம் பார்த்தார். பிறகு குந்தி அமர்ந்து, இரு கைகளாலும் அள்ளி, முகம் கழுவி, முழங்கை மட்டும் கை கழுவி, தலை தடவி, கால் கழுவினார். லுஹர் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. ஈரமில்லாத ஒரு பாறையிலே சால்வையை விரித்துத் தொழுதார். நாம் சற்றுத் தள்ளி நின்று, எமது வழக்கப்படி நீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம்.

வானம் இருளத் தொடங்கியதும், மேலும் ஆறு கிலோமீற்றர் சென்று கொஸ்லந்தையிலே தேநீர் அருந்தினோம். தேநீர்க் கடையில் எமக்கெதிரே தோட்டத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். எந்த ஊர் என்று விசாரித்தார். கல்முனை என்றோம்.

"சுனாமி அடிச்ச ஊருங்களா?"

"ஓம்" என்றார் காக்கா.

"எங்களை மலையே அடிச்சிருச்சுங்க" என்றார் பெரியவர்.

அவர் சொன்னது மீரியபெத்த தோட்டத்தை. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆந் திகதி காலையில், மழையில் ஊறிய மலைச்சரிவு பெயர்ந்து வந்து, அங்கிருந்த லயன் வீடுகளை மூடியது. பலர் மாண்டனர், பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. பள்ளிக்கூடம் சென்றிருந்த பிள்ளைகள் உயிர் பிழைத்தனர். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் மண் இருந்தது. அவ்விடம் ஆபத்தானது என்று பல ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால், தேயிலைத் தொழிலாளர் தாமே நினைத்தவுடன் குடிபெயர்வதற்கு அவர்களுக்கென்று காணி ஏது?

"உங்கட வீட்டில?" என்று காக்கா கேட்டார்.

"மூணு பேருங்க."

"எங்கட வீட்டில ரெண்டு."

அதற்குமேல் இருவரும் பேசவில்லை. பக்கத்திற் பக்கமாக இருந்து தேநீரைக் குடித்து முடித்தனர். காக்கா இருவருக்குமாகக் காசை எடுத்தார். "விருந்தாளி காசு குடுக்கக் கூடாதுங்க" என்று பெரியவர் அவர் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். மீரியபெத்தச் செய்தியை அன்று நாம் பத்திரிகையிலே படித்து வருந்தியிருந்தோம். எமது வீதியிலேயே, ஒரு நாட் பஸ் பிரயாணத் தூரத்தில் நடந்தது அது என்பது அந்தத் தேநீர்க் கடையிலே தான் எமக்கு உறைத்தது.

இப்பிரயாணத்தை மேற்கொள்ள விரும்புவோருக்குச் சில குறிப்புகள் சொல்ல வேண்டும். ஆண்டிறுதி மழைக்குப் பின்னரும், ஏப்ரலிலும் அருவி நிறைந்திருக்கும். யூலை, ஓகஸ்ட் மாதங்களில் மெலிந்து போவதுண்டு. கொழும்பு நோக்கி இவ்வழியே செல்லும் நெடுந்தூர பஸ்கள் பெரும்பாலும் இரவில் ஓடுவதால், வழியைப் பார்க்க விரும்புவோர் பகலில் ஊருக்கு ஊர் மாறிச் செல்வதே நன்று. நனைந்தாற் கெடாத பாதணியும், ஒரு மாற்றுடையும், கட்டுச்சோறும், குடிநீரும் போதும்.

அருவியின் உச்சிக்கு ஏறும் பாதையொன்றும் உண்டு. மேலே அழகிய தடாகங்கள் உள்ளன. அவற்றின் படங்களைக் கைத்தொலைபேசியிற் பார்த்து இளைஞர் பலர் ஏறுகின்றனர். எம் மகளும் ஆசைப்பட்டாள். முதல்நாள் மழையால் பாறை வழுக்கும் என்று அவ்வூர் இளைஞர் ஒருவர் தடுத்தார், நாமும் மறுத்துவிட்டோம். நாட்டின் அருவிகளிலே வழுக்கி விழுந்தும் நீரிலே அகப்பட்டும் மாணவர் மடிந்த செய்திகளை ஆண்டுதோறும் படிக்கிறோம். மேலே மழை பெய்தால், கீழே வெயில் எறிக்கும்போதே நீர் பெருகி வரும். உச்சியிலிருந்து எடுக்கும் படத்துக்காக ஓர் உயிரைப் பணயம் வைக்க வேண்டுவதில்லை. அருவி அடியில் இருந்து பார்க்கவே அழகு. உண்ட இலையையும் போத்தலையும் அங்கே எறியாது திரும்பக் கொண்டுவருவதும் எம் கடமை. எம் வாய்க்காலில் ஒருவன் குப்பை போட்டால் நாம் சண்டைக்குப் போவோம் அல்லவா?

மூன்றாம் நாள் இரவு ஊர் திரும்பியதும் கணக்கைக் கூட்டினோம். ஆறு பேருக்கும் போக வர பஸ் கட்டணம், உணவு, தேநீர், இரண்டிரவு தங்கிய அறைகள் எல்லாம் சேர்ந்து, வானுக்குக் கேட்ட தொகையிற் பாதியும் ஆகவில்லை. அதிலும் கூடிய பங்கு அறைகளுக்கே சென்றது. உறவினரோ நண்பரோ வழியில் இருப்போருக்கு அதுவும் மிச்சம்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊர் வீதி எங்கே முடிகிறது என்று பெற்றோரைக் கேளுங்கள். தெரியாதென்றால், தேசப்படத்தை விரித்து விரலை வைத்து அவர்களுக்குக் காட்டுங்கள். வழியில் உள்ள ஊர்களை எழுதி, பஸ் கட்டணத்தை விசாரித்து, விடுமுறைக்கு முன்பே சிறிது சிறிதாகச் சேர்க்கத் தொடங்குங்கள். எமது ஒழுங்கையிலே அந்த வேலை இப்போதே ஆரம்பமாகிவிட்டது. காக்காவின் பேரன் பழைய பால்மா டின் ஒன்றில் துளையிட்டு உண்டியல் செய்திருக்கிறான். அடுத்த விடுமுறையில் பெரகலையையும் தாண்டிச் சென்று, 263 மீற்றர் உயரமான பம்பரகந்தையைப் பார்க்க வேண்டுமாம். முதற் காசைப் போட்டவர் காக்கா.